மண்ணாங்கட்டியும் செம்மறி ஆட்டு ரத்தமும்

திருவூடல் தெருவில், டாக்டர் அருணகிரியின் கிளினிக்கை ஒட்டி ஓர் அறை. ஒருவர் உள்ளே நுழைந்தால் இன்னொருவர் வெளியே நிற்கவேண்டிய அகலம்தான். அதில் பதினோரு வருஷமாக ரத்தம் பார்த்துக்கொண்டிருந்தார் மண்ணாங்கட்டி. பேரைக் கேட்டுச் சிரிக்க வேண்டாம். அவருக்கு முன்னால் பிறந்த இரண்டும் தொட்டிலிலேயே போய்விட, மூன்றாவதையாவது எமன் கண்ணெடுத்துப் பார்க்காமல் இருக்கட்டும் என்று பெற்றவர்கள் வைத்த பேர் அது. எமன் ஏமாந்தானோ இல்லையோ, ரிப்போர்ட் வாங்க வந்தவர்கள் குழம்பிப்போனார்கள். காகிதத்தின் அடியில் "மண்ணாங்கட்டி" என்று இருப்பதைப் பார்த்து, தன் நோயை யாரோ நக்கல் செய்கிறார்கள் என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. சரி, சுருக்கிக்கொள்வோம் என்று "எம். கட்டி" என்று போட்டுப் பார்த்தார். வயிற்றுவலிக்காரர் ஒருவர் அதைப் படித்துவிட்டு, வயிற்றில் கட்டி என்று அங்கேயே உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். மறுநாளிலிருந்து பழையபடி முழுப் பேர்தான்.

படிப்பு எட்டாம் வகுப்பு. மலேரியா ஒழிப்பு வேலையில் சைக்கிளில் ஊர் ஊராகப் போய் விரல் குத்தி ரத்தம் எடுத்தவர். அந்த ஸ்லைடுகளை மைக்ராஸ்கோப்பில் பார்க்கிறவர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று நின்றே அவர் கண் பழகியது. அந்தக் கண்ணுக்கு ஒரு திமிரும் வந்து சேர்ந்தது. எந்த நோயானாலும் ஊரில் அதை முதலில் பார்த்தது தானாக இருக்கவேண்டும். "நான் அப்பவே சொல்லல?" என்று டாக்டரிடம் சொல்வதில் அவர் கண்ட ருசியைக் கன்னியம்மாளின் மீன்குழம்பில்கூடக் கண்டதில்லை. கன்னியம்மாள் அவர் மனைவி. அவளே சொன்னது இது.

இப்படி இருக்கையில்தான் 1979-இல் எதிர்வரிசையில் ராஜேந்திரன் வந்து லேப் திறந்தான்.

வயசு இருபத்தாறு. வேலூர்க்காரன், வேலூரிலேயே இரண்டு வருஷம் இதற்கென்றே படித்தவன். பேரிலேயே ராஜாவும் இந்திரனும் சேர்ந்து உட்கார்ந்திருந்தார்கள். மண்ணாங்கட்டியின் மைக்ராஸ்கோப்பில் ஒற்றைக் கண்ணால்தான் பார்க்கமுடியும், வெளிச்சத்துக்கு ஜன்னல் பக்கம் திருப்பவேண்டும். ராஜேந்திரனுடையதில் இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், அடியில் பல்பு எரியும். கதவிடுக்கு வழியாக அந்தப் பல்பைப் பார்த்த அன்றே மண்ணாங்கட்டிக்கு வயிறு எரிந்தது. அப்புறம் அது அணையவில்லை. எதிர்ப்படியில் யார் ஏறினாலும் தலை தானாகத் திரும்பும். சாமியும் அம்மனும் வருஷத்துக்கு ஒரு நாள் ஊடிக்கொள்கிற தெருவில், இவர் ஒருத்தர் மட்டும் தினம் தினம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தார்.

"அங்க எத்தினி பேரு ஏறினாங்கனு எண்றதுக்கா டாக்டரு உங்கள வெச்சிருக்காரு?" என்றாள் கன்னியம்மாள்.

"நான் ஏன் எண்றேன்? கண்ணுல படுது."

"படும், படும். நேத்து என் மூக்குத்தி மாறினது மட்டும் படல."

இதெல்லாம்கூடப் போகட்டும். டாக்டர் அருணகிரி பதினோரு வருஷமாக மண்ணாங்கட்டியை "நீ" என்றுதான் கூப்பிடுவார். அதில் இவருக்கு ஒரு வருத்தமும் இருந்ததில்லை, உரிமை என்றே நினைத்திருந்தார். ராஜேந்திரன் மரியாதைக்கு வந்து நின்ற முதல் நாளே டாக்டர், "வாங்க, நீங்கதான் புதுசா வந்திருக்கீங்களா?" என்றார். அந்த ஒரு "ங்க" மண்ணாங்கட்டிக்குள் முள்ளாகத் தைத்தது.

கார்த்திகை தீபம் முடிந்த வாரம் கீழ்பென்னாத்தூரிலிருந்து அர்ஜுனன் என்ற விவசாயி தன் மகளைக் கூட்டிவந்தார். கஸ்தூரி, பதினெட்டு வயசு, டீச்சர் ட்ரெயினிங் படிக்கிற பெண். தை மாசம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல், எச்சில் விழுங்க முடியாத தொண்டைவலி, கழுத்தில் இரண்டு பக்கமும் நெறி கட்டிப் புடைத்திருந்தது. நாலடி நடந்தால் உட்கார்ந்துவிடுகிறாள். டாக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார். இடப்பக்கம் மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்பட்டது. ரத்தம் எடுத்து மண்ணாங்கட்டியிடம் அனுப்பினார்.

ஸ்லைடை வைத்துக் குனிந்தவர் நிமிரவில்லை. வெள்ளையணுக்கள் இருக்கவேண்டியதைவிட இரண்டு பங்கு. அதிலும் பாதிக்குமேல் ஊதிப் பெருத்து, நீலம் பூத்து, கோணல்மாணலாகக் கிடந்தன. ரத்தப் புற்றுநோய் ஸ்லைடை அவர் வாழ்நாளில் மூன்று பார்த்திருக்கிறார். மூன்றிலும் இப்படித்தான் பெரிய பெரிய அணுக்கள். உண்மையைச் சொன்னால், பார்க்கும்போதே ஏதோ ஒன்று இடித்தது. அந்த மூன்றிலும் அணுக்கள் எல்லாம் ஒரே ஜாடையில் இருந்தன, இதில் அப்படி இல்லை. இன்னொரு ஸ்லைடு போட்டுப் பார்த்திருக்கலாம். ஆனால் எதிர் லேப்பில் பல்பு எரிந்துகொண்டிருந்தது. எழுதினார்: பிளட் கேன்சர், சந்தேகம். அடியில் கையெழுத்துப் போட்டார்.

டாக்டர் ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்தார். பிறகு, "எதுக்கும் ராஜேந்திரன்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்டுடுவோம்" என்றார். மண்ணாங்கட்டிக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. ஸ்லைடை எதிர் லேப்புக்கு எடுத்துப் போனதும் அவரேதான்.

ராஜேந்திரன் அதே ஸ்லைடோடு ஒரு மணி நேரத்தில் டாக்டரிடம் வந்தான்.

"சார், செல்லு பெருசா இருக்கறது நிஜம். ஆனா ஒண்ணுபோல ஒண்ணு இல்ல பாருங்க. கேன்சர்னா ஒரே அச்சுல வார்த்த மாதிரி இருக்கும். இதுல ஒண்ணு நீளம், ஒண்ணு உருண்டை, ஒண்ணு பக்கத்து சிவப்பணு மேல இடிச்சு வளைஞ்சு கிடக்கு. ஹீமோகுளோபினும் கம்மியாகல. இது வைரஸ் காய்ச்சல்னு தோணுது சார். எச்சில்ல பரவறது."

"வைரஸுக்கு இந்த செல்லு ஏன் இப்படி ஊதணும்?" என்றார் டாக்டர். ஓரமாக நின்ற மண்ணாங்கட்டியும் அதைத்தான் கேட்க நினைத்தார்.

"வெள்ளையணுவுல ரெண்டு வகை இருக்கில்ல சார், பி செல்லு, டி செல்லுனு. இந்த வைரஸ் தொண்டைல பூந்து, பி செல்லுக்குள்ள போய் குந்திக்குது. டி செல்லு அதை மோப்பம் புடிச்சு, வைரஸ் இருக்கற பி செல்லை அழிக்கக் கெளம்புது. ஒண்ணு பத்தாகுது, பத்து நூறாகுது, சண்டைக்கு உடம்பை ஏத்திக்குது. நாம பாக்கற பெரிய செல்லு முக்காவாசி அதான். அது நோய் இல்ல சார், நோயை அடிக்க வந்த கூட்டம். நெறி கட்டினது, மண்ணீரல் வீங்கினது, இந்த அசதி, எல்லாம் அந்தக் கூட்டம் பண்ற ரகளைதான்."

டாக்டர் சிரித்தார். "அப்படின்னா நம்ம மண்ணாங்கட்டி, போலீசைப் பாத்துத் திருடன்னு எழுதிட்டான்."

ஒரு வார்த்தையால் ஒருவரைக் கொல்லமுடியும் என்றால் மண்ணாங்கட்டி அங்கேயே செத்திருப்பார்.

"நிச்சயம் பண்றதுக்கு ஒரு டெஸ்ட் இருக்கு சார்," என்று தொடர்ந்தான் ராஜேந்திரன். "இந்தக் காய்ச்சல்ல உடம்பு பதட்டத்துல சம்பந்தமே இல்லாத எதிர்ப்புப் பொருளெல்லாம் செஞ்சு தள்ளும். அதுல ஒண்ணு, ஆட்டு ரத்தத்தோட சிவப்பணுவைக் கண்டா ஒட்ட வெச்சு திப்பிதிப்பியா ஆக்கிடும். ஏன்னு கேட்டா யாருக்கும் தெரியாது. அந்தப் பொண்ணுக்கும் ஆட்டுக்கும் ஒரு பகையும் கிடையாது. நாளைக்கே செஞ்சு காட்டறேன்."

மறுநாள் செய்தும் காட்டினான். குழாய்களில் ரத்தம் திப்பிதிப்பியாகக் கட்டியிருந்தது. டாக்டர் அவன் முதுகில் தட்டினார். புற்றுநோய் இல்லை என்று வெளியே அர்ஜுனனிடம் சொல்ல எழுந்தவரை மண்ணாங்கட்டி நிறுத்தினார்.

"சார், ஒரு நிமிஷம். ரத்தம் எங்க வாங்கினாருனு கேளுங்க."

"மார்க்கெட் கறிக்கடைல," என்றான் ராஜேந்திரன்.

"இன்னானு கேட்டு வாங்கினீங்க?"

"ஆட்டு ரத்தம்னு."

மண்ணாங்கட்டிக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது? தீபத்தன்று மலையுச்சியில் ஜோதி ஏறினபோதுகூட அவர் முகம் அப்படி மலர்ந்ததில்லை. "அந்தக் கடைல வெள்ளாடு மட்டும்தான் சார் அறுப்பாங்க. செம்மறிக் கறி நம்ம ஊர்ல ஆரு தின்றாங்க? புஸ்தகத்தைப் பாருங்க, எந்த ஆடுனு."

டாக்டர் புத்தகத்தைப் பிரித்தார். ஷீப் என்று இருந்தது. ஷீப் என்றால் செம்மறி. தமிழில் இரண்டுக்கும் பொதுவாக ஆடு என்ற ஒரே வார்த்தை இருந்தது ராஜேந்திரனின் கெட்ட நேரம். வேலூர் டவுனில் பிறந்து வளர்ந்தவனுக்கு ஆடு என்றால் ஆடுதான், அதில் இத்தனை பேதம் இருக்கும் என்று தோன்றவில்லை.

"வெள்ளாட்டு ரத்தத்துலயும் கட்டும்னு நெனைக்கறேன் சார். ஆனா அதை வெச்சு அடிச்சுச் சொல்லமுடியாது," என்றான். குரல் இறங்கிவிட்டது.

"அப்ப இதை நம்பி நான் அந்தப் பொண்ணை இங்க வெச்சிருக்க முடியாது," என்றார் டாக்டர். "திங்கக்கிழமை மெட்ராஸுக்கு அனுப்பிடறேன். கேன்சர்னே எழுதித் தரேன்."

வெற்றி என்றால் வெற்றிதான். மண்ணாங்கட்டி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வெளியே வந்தார். வராந்தாவில் அர்ஜுனன் நின்றிருந்தார். கதவு சாத்தியிருந்தாலும் கடைசி வார்த்தை அவர் காதில் விழுந்திருந்தது. மண்ணாங்கட்டியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

"ஐயா, நீங்களும் ரத்தம் பாக்கறவருதானே. என் பொண்ணுக்கு யாரோ கேன்சர்னு எழுதிட்டாங்களாம். எழுதினவரு கண்ணு தப்பா இருக்கக் கூடாதா? ஒரு வாட்டி நீங்க பாத்துச் சொல்லுங்களேன்."

பெஞ்சில் கஸ்தூரி சுவரில் தலை சாய்த்துக் கண்ணை மூடியிருந்தாள். தூங்குகிற மாதிரி இருந்தது, ஆனால் இமை நனைந்திருந்தது. மண்ணாங்கட்டி திரும்பி உள்ளே போய், "சார், செம்மறி ரத்தத்துல நானே செஞ்சு பாக்கறேன்," என்றார். அந்தப் பெண்ணுக்காகத்தான் கேட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பாதி அதுவும் இருந்தது. மீதிப் பாதி, டெஸ்ட் பொய்த்துப்போய் ராஜேந்திரன் மறுபடி தலைநிமிராமல் போகவேண்டும் என்பது.

செய்முறை அவருக்குத் தெரியாது. அதற்கும் ராஜேந்திரன்தான் வந்தான். ஒரு முழுப் பக்கத்துக்குத் தமிழிலேயே வரிசையாக எழுதி, "அண்ணே, ஆறாவது குழாய் வரைக்கும் கட்டினா உறுதினு வெச்சுக்கலாம்," என்று சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனான். கையெழுத்து அச்சுப்போல் இருந்தது. அதற்கும் ஒருமுறை வயிறு எரிந்தது.

கன்னியம்மாளின் தம்பி காசிக்கு வேங்கிக்கால் ஏரிக்கரையில் செம்மறிக் கிடை இருந்தது. சனிக்கிழமை விடிந்ததும் அங்கே போய் நின்றார்.

"மாமா, ரத்தம் எடுத்தா ஆடு செத்துடாதா?"

"ரெண்டு ஊசி ரத்தம்டா. கெட்டியாப் புடி."

"ஆருக்கோ காய்ச்சல், என் ஆட்டுக்கு ஊசியா? இன்னா வைத்தியமோ, மண்ணாங்கட்டியோ," என்று முனகியவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

லேப்புக்கு வந்து ரத்தத்தை உப்புநீரில் மூன்று தடவை அலசினார். கஸ்தூரியின் ரத்தத்தில் தெளிந்த நீரைச் சூடுகாட்டி, பத்துக் குழாய்களில் ஒன்றைவிட ஒன்று பாதியாக நீர்த்து ஊற்றினார். ஒவ்வொன்றிலும் செம்மறியின் சிவப்பணுக்களைச் சேர்த்தார். ஒத்துப்பார்க்க நோயில்லாதவர் ரத்தம் ஒன்று வேண்டும் என்று எழுதியிருந்தது. தன் ரத்தத்தையே எடுத்து இன்னொரு வரிசை வைத்தார். இரண்டு மணி நேரம் காத்திருந்தார்.

பன்னிரண்டரைக்குக் குழாய்களை எடுத்து ஆட்டினார். தன்னுடைய வரிசை முழுவதும் சீராகக் கலங்கியது. மண்ணாங்கட்டியின் ரத்தத்துக்குச் செம்மறியின்மேல் ஒரு கோபமும் இல்லை, இருந்த கோபமெல்லாம் எதிர் லேப்பின்மேல்தான். கஸ்தூரியின் முதல் குழாய் கட்டியிருந்தது. மூன்றாவதும் கட்டியிருந்தது. ஆறாவதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அதுவும் கட்டியிருந்தது. எட்டாவது வரை போயிற்று.

அந்தப் பெண்ணுக்குப் புற்றுநோய் இல்லை. ராஜேந்திரன் சொன்னதுதான் சரி.

தப்பான ஆட்டை வைத்துச் சரியானதைச் சொன்ன பயலைப் பதினோரு வருஷக் கண் என்ன செய்யும்? மண்ணாங்கட்டி குழாய் கழுவும் தொட்டியைப் பார்த்தார். ஒரு சொம்பு தண்ணீர் போதும். கட்டவில்லை என்று எழுதினால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? மெட்ராஸில் பெரிய டாக்டர்கள் கண்டுபிடிக்காமலா போவார்கள் என்று தனக்குத்தானே சொன்னார். கண்டுபிடிப்பதற்குள் கேன்சர் மருந்தை ஏற்றிவிட்டால் என்ற எண்ணமும் கூடவே வந்தது. பெண்ணுக்குக் கேன்சர் என்று ஊரில் பரவினால் தை மாசம் யார் வந்து தாலி கட்டுவான்? அர்ஜுனன் பிடித்த பிடி இன்னும் மணிக்கட்டில் இருந்தது. இருந்தும் கை சொம்பைத்தான் தொட்டுக்கொண்டிருந்தது. இதுவும் நடந்தது, மறைப்பானேன்.

"இன்னா ஆச்சுண்ணே?"

வாசலில் ராஜேந்திரன். கேட்டபடியே அவன் கண் குழாய்களின்மேல் போயிற்று. ஒன்று, இரண்டு என்று எட்டு வரை எண்ணியது. "கட்டிடுச்சே," என்றான் மெதுவாக.

மண்ணாங்கட்டிக்கு அந்த நொடியில் தோன்றியது ஒன்றே ஒன்று. இவன் போய்ச் சொல்லிவிடுவான். டாக்டர் சாப்பாட்டுக்குப் பேகோபுரத் தெரு வீட்டுக்குப் போயிருந்தார். இவனிடம் சைக்கிள் வேறு இருக்கிறது. முதலில் பார்த்தது நான், சொல்வது இவனா? குழாய் ஸ்டாண்டைத் துண்டில் போர்த்தி மார்போடு அணைத்துக்கொண்டு, அவனை இடித்துத் தள்ளாத குறையாக வெளியே பாய்ந்தார். நாற்பத்தைந்து வயசு ஆள், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, காய்கறி வண்டிகளுக்கு நடுவில் ஓடினார். தெருவே வேடிக்கை பார்த்தது.

"சார், கட்டிடுச்சு சார். எட்டு வரைக்கும். கேன்சர் இல்ல."

டாக்டர் எச்சில் கையோடு எழுந்து வந்து குழாய்களைப் பார்த்தார். ராஜேந்திரன் அதற்கப்புறம்தான் வந்து சேர்ந்தான்.

கஸ்தூரிக்கு மருந்தென்று பெரிதாக ஒன்றும் இல்லை. படுத்திருக்கவேண்டும், மண்ணீரல் வடிகிறவரை குடம் தூக்கக்கூடாது, அது வெடித்தால் உயிருக்கே ஆபத்து. அவ்வளவுதான். வாராவாரம் அவள் ரத்தத்தை மண்ணாங்கட்டி பார்த்தார். அந்தப் பெரிய அணுக்கள் வேலை முடிந்து ஒவ்வொன்றாகக் கலைந்துபோயின. வைரஸ் மட்டும் அடியோடு போகாது, ஆயுசுக்கும் உள்ளே பதுங்கியிருக்கும், சில டி செல்கள் கடைசிவரை காவல் நிற்கும் என்றான் ராஜேந்திரன். கல்யாணம் தையிலிருந்து வைகாசிக்குத் தள்ளிப்போய், நன்றாகவே நடந்தது.

அதிலிருந்து ஒவ்வொரு வருஷமும் அறுவடை முடிந்ததும் அர்ஜுனன் ஒரு மூட்டை வேர்க்கடலையோடு வந்து நிற்பார். அவர்கள் பேச்சில் மல்லாட்டை. "என் பொண்ணைக் காப்பாத்தின தெய்வம்" என்று தெருவே கேட்கச் சொல்வார். மண்ணாங்கட்டி வாங்கிக்கொள்வார். தின்னும்போது தொண்டையில் நிற்கும். கன்னியம்மாள் வறுத்தாலும் நிற்கும், அவித்தாலும் நிற்கும். ஏழு வருஷம் பொறுத்துப் பார்த்தார். 1986-இல் மூட்டையை இறக்கவிடவில்லை.

"அர்ஜுனா, இது எனக்கு வேணாம். எதிர் லேப்ல இறக்கு. அன்னிக்குக் கேன்சர்னு எழுதின ஆளு நான்தான்."

அர்ஜுனன் மூட்டையின் கயிற்றை அவிழ்த்தபடியே சொன்னார்: "தெரியும்ங்க. அந்தத் தம்பி அன்னிக்கு சாயந்திரமே சொல்லிட்டாரு. 'எழுதினவரும் அவருதான், தப்புனு தெரிஞ்சதும் உசுரக் கையில புடிச்சிக்கினு ஓடினவரும் அவருதான். மறைச்சிருந்தா ஆருக்கும் தெரியாது'னாரு. அந்த ஓட்டத்துக்குத்தாங்க இந்த மூட்டை."

அந்த ஓட்டம் எதற்கென்று மண்ணாங்கட்டிக்கல்லவா தெரியும். அந்த ஸ்லைடை எடுத்துப் போனதற்கப்புறம் ஏழு வருஷமாக மிதிக்காத எதிர்ப்படியில் ஏறினார். ராஜேந்திரன் இரண்டு கண்ணாலும் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான்.

"ராஜேந்திரா, அன்னிக்கு நான் அந்தப் பொண்ணுக்காக ஓடல. நீ முந்திக்குவியோனு ஓடினேன். எனக்கு உன்னக் கண்டா ஆகாது. வந்த நாள்லருந்து பொறாமை."

ராஜேந்திரன் நிமிர்ந்தான். முன்நெற்றியில் நரை விழத் தொடங்கியிருந்தது.

"தெரியும்ணே. அதான் நான் சைக்கிளைத் தள்ளிக்கினே வந்தேன்."